முன் கியரில் ஒரு மஞ்சள் கோடு

ஃபோர் வீல் பிக்கப்பின் முன் கியர் எண்ணெயை மாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மாற்றினேன். ஐம்பத்து நான்கு வயதில், கணவருடைய பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, ஈரத் தரையில் சாக்கு விரித்து மல்லாந்து படுத்து மாற்றினேன். மாற்றியும் பயன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை படித்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது.

எங்கள் வீடு ஜோகூரில், சிம்பாங் ரெங்கத்துக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. பெரிய சாலையிலிருந்து நான்கு கிலோமீட்டர் மண்பாதை. பாதி வழியில் ஒரு பெரிய வாய்க்கால் குறுக்கே ஓடுகிறது. அதைப் பாரிட் என்போம். அதன் மேல் தாழ்வான பாலம். வருடக் கடைசியில் மழை பிடித்தால் பாரிட் நிரம்பிப் பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடும். கார் போகாது. மோட்டார் சைக்கிள் போகாது. ஆம்புலன்ஸ் வராது. எங்கள் பிக்கப் போகும், அதுவும் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான். பின் சக்கரம் மட்டும் சுற்றினால் பாலத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கும் சேற்று மேட்டில் நின்றுவிடும்.

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழரைக்கு டவுனில் இருக்கும் டயாலிசிஸ் நிலையத்தில் அவர் இருக்க வேண்டும். நான்கு மணி நேரம் இயந்திரத்தில் படுக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் கால் வீங்கும், இரவு உட்கார்ந்துகொண்டேதான் மூச்சு விடுவார். இரண்டு நாள் தவறினால் என்ன ஆகும் என்று ஒரு நர்ஸிடம் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் குழாயைச் சரிசெய்யப் போய்விட்டாள். நான் புரிந்துகொண்டேன்.

டவுனில் யார் வீட்டிலாவது மழை முடியும் வரை தங்கலாமே என்று எல்லாரும் சொன்னார்கள். தங்கள் வீட்டில் தங்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. மகன் பாசிர் கூடாங்கில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்கிறான். ஓர் அறையில் நான்கு பேர். அவனும் போனில் அதையே சொன்னான்.

"அம்மா, ஒரு மாசந்தானே, யார் வீட்லயாவது தங்குங்க லா."

"யார் வீட்ல?" என்றேன்.

"பஸ் வந்துருச்சு மா, அப்புறம் பேசுறேன்" என்றான்.

ஆக, எங்களுக்கு இருந்தது அந்தப் பிக்கப் ஒன்றுதான்.

சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது பாலத்தின் மேல் கணுக்கால் அளவு தண்ணீர். நான்தான் ஓட்டினேன். ஃபோர் வீல் கம்பியை இழுத்துப் போட்டதும் முன்னாலிருந்து ஒரு முனகல் வந்தது. மேட்டில் ஏறும்போது அது ஊளையாக மாறியது. கால் வைத்திருந்த தகடு அதிர்ந்தது. அவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவர், மூடிய கண்ணோடு சொன்னார்.

"முன் கியர் அழுவுது."

டிஃபரன்ஷியல் என்று அதற்குப் பெயர். முன் சக்கரம் இரண்டுக்கும் நடுவில் தொங்கும் இரும்புக் குடம். அதற்குள் பல்சக்கரங்கள் எண்ணெயில் முழுகிக் கிடக்கும். எங்கள் வீட்டில் முன் கியர் என்றுதான் சொல்வோம். அவர் அப்படிச் சொல்வார், அதனால் நானும்.

அவரை வீட்டில் படுக்க வைத்துவிட்டு, அதே வண்டியில் திரும்ப டவுனுக்குப் போய், வழக்கமான பட்டறையில் காட்டினேன். அங்கே இருக்கும் சீன முதலாளி, தவுக்கே என்போம், எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். தமிழ் நன்றாகவே பேசுவார். முன் சக்கரத்தைத் தூக்கி, கையால் சுழற்றி, காதை வைத்துக் கேட்டார்.

"அலமாக். அக்கா, இது கீழ இறக்கணும் லா. சாமான் ஜோகூர் பாருல இருந்து வரணும். அஞ்சு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க."

"அஞ்சு நாள் வண்டி இல்லன்னா அவர் செத்துருவாரு."

"ஐயோ, அப்டியெல்லாம் வாயில சொல்லாதீங்க. பந்தாங், ஆகாது."

"சொல்லாட்டியும் சாவாரு. வேற வழி சொல்லுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "எண்ணெய் மாத்திப் பாருங்க. சில நேரம் எண்ணெய் கெட்டாலும் இப்டிச் சத்தம் வரும். நான் செஞ்சு தருவேன், ஆனா நாளைக்கும் திங்களும் கடை தூத்துப், தொறக்க மாட்டேன். தங்கச்சி மகள் கல்யாணம், மலாக்கா போறேன். அண்ணனுக்குத் தெரியும் லா. அவர்தானே எப்பவும் செய்வாரு. வண்டிய எங்கிட்ட எண்ணெய் மாத்த கொண்டு வந்ததே இல்ல."

உண்மைதான். அந்த வண்டியை என் கணவர் புதிதாக வாங்கினார். அவர் வாழ்க்கையில் புதிதாக வாங்கிய ஒரே வண்டி. அன்றிலிருந்து எண்ணெய் வேலை எல்லாம் அவரே செய்தார். செய்து முடித்ததும் ஓட்டுநர் கதவைத் திறந்து, உள்விளிம்பில் கறுப்பு மார்க்கரால் எழுதுவார். எஞ்சின், பின் கியர், முன் கியர். பக்கத்தில் தேதி, ஓடிய கிலோமீட்டர். கோடு போட்டு, வரிசையாக, அச்சடித்ததுபோல எழுதுவார். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து காட்டுவார். "பாருங்க, ஆஸ்பத்திரி கார்டு மாதிரி வச்சிருக்கேன்" என்பார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மற்ற ஆம்பளைகள் வண்டியை நாசமாக்கி வைத்திருந்தார்கள். என்னுடையவர் எழுதி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. பூசைக்கு வர முடியாது என்று டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் மாதா படத்திடம் சொல்லிவிட்டேன். மாதா ஒன்றும் சொல்லவில்லை. அவள் எப்போதுமே ஒன்றும் சொன்னதில்லை.

மழை விட்டிருந்தது. முன் சக்கரத்தை இரண்டு பலகை மேல் ஏற்றி நிறுத்தினேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய இடது கையால் எதையும் தூக்கக் கூடாது. ஊசி ஏற்றுவதற்காக அந்தக் கையில் இரண்டு ரத்தக் குழாயை இணைத்துத் தைத்திருக்கிறார்கள். தொட்டுப் பார்த்தால் உள்ளே தேனீ ஓடுவதுபோல அதிரும். அதிர்வு நின்றால் உடனே ஓடி வரச் சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரையில் கால் விரல் இரண்டு ஏற்கெனவே போய்விட்டது. அதனால் வாய் மட்டும்தான் அவருக்கு. கை என்னுடையது.

"முதல்ல அடித்தகடு. பன்னெண்டு ஸ்பானர் எடு."

"எது பன்னெண்டு?"

"அதுலயே எழுதியிருக்கும். கண்ணாடி போட்டுப் பாரு."

"கண்ணாடி போட்டா சேறு ஒட்டுது. போடாட்டி நம்பர் தெரியல. நீங்க வந்து படுக்கிறீங்களா?"

"படுத்தா எந்திரிக்க மாட்டேன்."

"அப்ப வாய மூடிட்டு ஐஸ் சப்புங்க."

அவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு சின்ன கிளாஸ் தண்ணீர்தான். தாகத்துக்கு ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வார். வீட்டைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தண்ணீர். அவருக்கு மட்டும் ஐஸ் கட்டி. யாருடைய ஏற்பாடோ.

அடித்தகடு என்பது முன் கியருக்குக் கீழே கல் அடிக்காமல் காக்கும் இரும்புத் தகடு. நான்கு போல்ட். நான்கும் துருவேறி ஒன்றாகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியலால் தட்டி, ஸ்பானரில் இரும்புக் குழாயைச் சொருகித் தொங்கினேன். தகட்டுக்கு மேலே சேறு செங்கல்லாக இறுகியிருந்தது. அதற்குள் செம்பனை நாரால் எலி கட்டிய கூடு வேறு. ஒவ்வொன்றாகக் கழட்ட இரண்டு மணி நேரம் ஆனது. தோள்பட்டை கழன்றுவிட்டதுபோல இருந்தது.

"இத எப்டித்தான் வருஷா வருஷம் தனியா கழட்டினீங்க?" என்று கீழிருந்து கேட்டேன். பாராட்டாகத்தான் கேட்டேன்.

"அப்பெல்லாம் பலம் இருந்துச்சு" என்றார்.

தகடு விழுந்தது. முன் கியர் தெரிந்தது. கீழே ஒரு திருகு, பக்கவாட்டில் கொஞ்சம் மேலே இன்னொரு திருகு. நான் கீழ்த் திருகில் ஸ்பானரை வைத்தேன்.

"ஏய்! கீழ தொடாத!" என்று கத்தினார். உடம்பு இருந்த இருப்புக்கு அவ்வளவு சத்தம் அவரிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. "முதல்ல மேல் திருகு. எண்ணெய் ஊத்துற ஓட்டை தொறக்குதான்னு பாத்துட்டுதான் கீழ தொறக்கணும். கீழ வடிச்சிட்டு, மேல தொறக்காம போச்சுன்னா, வெறும் கியர வச்சிக்கிட்டு என்ன செய்வ?"

சரியான பேச்சு. செவ்வாய்க்கிழமை கண்ணில் வந்து போனது. இந்த மனிதருக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். துணியை மண்ணெண்ணெயில் நனைத்து மேல் திருகைத் துடைத்தேன். அழுக்கு போனதும் அடியில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. பெயிண்ட் கோடு. திருகின் தலையில் தொடங்கி, விளிம்பைத் தாண்டி, கியரின் உடம்பு வரை நேராக இழுத்திருந்தது.

"ஏங்க, இது என்ன மஞ்சக் கோடு?"

ஐஸ் கட்டியைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

"ஏங்க?"

"எந்தக் கோடு?"

"மேல் திருகுல. திருகுக்கும் கியருக்கும் சேத்து ஒரு கோடு இருக்கு."

"அது கம்பெனில போடுறது. முடுக்கியாச்சுன்னு அடையாளம்."

நான் கொஞ்ச நேரம் அந்தக் கோட்டைப் பார்த்தேன். உடையவில்லை. விலகவில்லை. திருகை ஒரு மயிரளவு திருப்பியிருந்தாலும் அந்தக் கோடு இரண்டாகியிருக்கும். எனக்குப் படிப்பு குறைவு, ஆனால் இது புரிய படிப்பு தேவையில்லை.

"நீங்க கழட்டினப்ப இது விலகலயா?"

நாற்காலி கிரீச்சிட்டது. அவருடைய வீங்கிய கால்கள் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன. ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எத்தன தடவ மாத்தினீங்க? கதவுல எட்டு தடவ எழுதியிருக்கு."

"பின் கியர் எல்லாம் மாத்தினேன். சத்தியமா."

"முன் கியரு?"

"ஃபோர் வீல் எப்பவாச்சும்தானே போடுறோம். ஓடாத சாமான்ல எண்ணெய் எப்டிக் கெடும்னு நெனச்சேன். அந்தத் தகடு வேற... முதத் தடவயே கழட்ட வரல."

"அப்ப ஏன் எழுதினீங்க?"

"கட்டம் காலியா இருந்துச்சு" என்றார்.

இந்தப் பதிலை நான் இன்னும் யோசிக்கிறேன். கட்டம் காலியாக இருந்ததாம்.

நான் எழுந்திருக்கவில்லை. அங்கேயே படுத்துக் கிடந்தேன். முகத்துக்கு ஒரு சாண் மேலே அந்தக் கோடு. அப்போது எனக்கு வண்டி ஞாபகம் வரவில்லை. ஒரு நீல அட்டை நோட்டுப் புத்தகம் ஞாபகம் வந்தது.

அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்த புதிதில், அரசாங்க கிளினிக்கில் ஒரு சின்ன இயந்திரமும் நோட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். காலையில் விரலில் குத்தி, வருகிற எண்ணை எழுத வேண்டும். அவர் எழுதினார். கோடு போட்டு, வரிசையாக, அழகாக. ஆறு புள்ளி இரண்டு. ஐந்து புள்ளி ஒன்பது. ஆறு புள்ளி நான்கு. ஏழுக்குள் இருந்தால் நல்ல எண் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். சில வருடம் கழித்து ஒரு சின்ன வயது மலாய் டாக்டர் அம்மா அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பிறகு ரத்தப் பரிசோதனைத் தாளையும் பார்த்துவிட்டு, மெதுவாக என்னிடம் சொன்னாள். புத்தகம் ஒன்று சொல்கிறது, ரத்தம் வேறு சொல்கிறது என்றாள்.

என் புருஷன் பொய் எழுதுகிறார் என்கிறாயா என்று கேட்டேன். மலாயில்தான் கேட்டேன், எல்லாருக்கும் புரியட்டும் என்று. மேசையைத் தட்டினேன். வெளியே நம்பர் சீட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உன் ஆய்வுக்கூடம்தான் மற்றவன் ரத்தத்தை மாற்றி வைத்திருக்கிறது என்றேன். அந்தப் பெண்ணுக்கு என் மகன் வயது இருக்கும். தலையைக் குனிந்துகொண்டாள். மன்னித்துவிடுங்கள் என்று வேறு சொன்னாள். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்து, "விடு, போலாம்" என்றார். அவமானத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நாங்கள் அந்த கிளினிக்குக்குப் போகவில்லை. நான்தான் போக வேண்டாம் என்றேன். மறுபடி போனபோது சிறுநீரகம் முக்கால்வாசி போயிருந்தது.

"சர்க்கர புத்தகமும் இப்டித்தானா?" என்று வண்டிக்கு அடியிலிருந்து கேட்டேன்.

அவர் நாற்காலியை ஒரு சாண் பின்னால் நகர்த்தினார்.

"ஆரம்பத்துல குத்தினேன்."

"எத்தன நாளு?"

"ஒரு மாசம் இருக்கும். தெனமும் அதே நம்பர்தான் வந்துச்சு."

"எத்தன வருஷம் எழுதினீங்க?"

கிளாஸிலிருந்து இன்னொரு ஐஸ் கட்டியை எடுக்கும் சத்தம் கேட்டது.

"யோவ். உன்னதான் கேக்குறேன். ஏன்யா எழுதின?"

முப்பது வருடத்தில் நான் அவரை அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை. அவர் கோபப்படவில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

"நீ தெனம் காலைல அடுப்படியில இருந்து கேப்ப, எழுதியாச்சான்னு. எழுதியாச்சுன்னு சொன்னா விட்டுருவ. குத்தியாச்சான்னு நீ ஒரு நாளும் கேட்டதில்ல."

அதற்குப் பிறகு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. அவர் அம்மாவை இழுத்தேன், அவர் பரம்பரையை இழுத்தேன், மாதாவையும் விடவில்லை. அவர் ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் திட்டிக்கொண்டே இருந்தபோதும் என் கை ஸ்பானரைத் தேடிக்கொண்டிருந்தது. ஏனென்றால் அன்று ஞாயிறு, அடுத்த நாள் திங்கள், அதற்கு அடுத்த நாள் செவ்வாய். பொய் எழுதினவராக இருந்தாலும் செவ்வாய்க்கிழமை இயந்திரத்தில் படுத்தாக வேண்டும்.

மேல் திருகு முதலில் அசையவில்லை. இரும்புக் குழாயைச் சொருகி, காலால் மிதித்தேன். படீரென்று விட்டது. மஞ்சள் கோடு இரண்டானது.

பிறகு கீழ்த் திருகைத் திறந்தேன். முதலில் வந்தது எண்ணெயே இல்லை. தண்ணீர். ஒரு கிளாஸ் அளவு கலங்கல் தண்ணீர். அதற்குப் பின்னால் கெட்டியாக, பால் கூடிப்போன தே தாரிக் டீயின் நிறத்தில் ஒன்று வந்தது. நல்ல எண்ணெய் தேன் நிறத்தில் இருக்கும் என்று தவுக்கே சொல்லியிருந்தார். இது நாறியது. பாசிப்பிடித்த பாத்திரத்தின் நாற்றம்.

கீழ்த் திருகின் நுனியில் காந்தம் இருக்கும். உடைந்த தூளைப் பிடித்து வைக்கும். அதில் தூள் இல்லை. மீன் முள் போன்ற சிம்புகள், ஒன்றிரண்டு நகக்கண் அளவு. வெளியே வந்து அதை அவருடைய வலது உள்ளங்கையில் வைத்தேன். அவர் விரலால் புரட்டிப் பார்த்தார்.

"பல்லு போயிருச்சு" என்றார்.

"எண்ணெய் மாத்தினா?"

"சத்தம் கொறயும்."

"ஓடுமா?"

"ஓடும்."

"எத்தன நாளு?"

"தெரியல."

தெரியாது என்று அவர் சொல்லி நான் கேட்டது அன்றுதான். எதற்கும் ஒரு எண் வைத்திருக்கிற மனிதர்.

தண்ணீர் உள்ளே எப்படிப் போனது என்பதையும் அவரே கண்டுபிடித்தார். முன் கியருக்கு மேலே ஒரு மூச்சுக் குழாய் இருக்கிறது. சின்ன ரப்பர் குழாய், எஞ்சின் பக்கம் உயரத்தில் போய் முடியும். அது காய்ந்து வெடித்து விழுந்திருந்தது. ஓடிச் சூடான கியர் பாரிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினால் குளிர்ந்து உள்ளே இழுக்கும். குழாய் இல்லாததால் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுத்துக் குடித்திருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் குடித்திருக்கிறது. நாங்கள் மேலே உட்கார்ந்து, வண்டி என்றால் இது வண்டி என்று பேசிக்கொண்டு போயிருக்கிறோம். பழைய மீன் தொட்டிக் குழாய் ஒன்று கிடந்தது. அதை வெட்டிச் சொருகிக் கம்பியால் கட்டினேன்.

இரண்டு போத்தல் எண்ணெய் வாங்கி வைத்திருந்தேன். கொஞ்சம் ஊற்றி, ஜாக்கியில் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, வடித்தேன். அப்போதும் தே தாரிக்தான் வந்தது, கொஞ்சம் தண்ணியாக. மீதியைத் தக்காளிச் சாஸ் புட்டியில் ஊற்றி, நுனியில் குழாய் வைத்து, மேல் ஓட்டைக்குள் பீய்ச்சினேன். ஓட்டையிலிருந்து வழிகிற வரை ஊற்ற வேண்டும், அதுதான் அளவு. கை, கழுத்து, தலைமுடி எல்லாம் வழிந்தது. திருகை முடுக்கினேன். தகட்டை இரண்டு போல்ட்டில் மாட்டினேன். மற்ற இரண்டும் உடைந்துவிட்டன.

வெளியே வந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"மார்க்கர் எங்க வச்ச?"

"எதுக்கு?"

"தேதி எழுத வேணாமா?"

மார்க்கரை எடுத்துச் செம்பனைக்குள் வீசி எறிந்தேன். எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம். அவர் கதவை மூடிவிட்டு உள்ளே போனார். மறுநாள் காலையில் நான் போய்த் தேடி எடுத்து வந்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

திங்கள் முழுக்க மழை. செவ்வாய்க்கிழமை விடியும் நேரத்தில் கிளம்பினோம். பாலம் தெரியவில்லை. அது இருக்கும் இடத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. ஓரத்தில் நட்டிருந்த இரண்டு குச்சியை வைத்து வழி கணக்குப் பார்த்தேன். ஃபோர் வீல் போட்டேன். சத்தம் இல்லை. நூறு அடி வரைக்கும் இல்லை. நான் மாதாவைப் பார்த்தேன். நன்றி சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு வந்தபோது முனகல் திரும்ப வந்தது. மேட்டில் ஊளை. அதோடு புதிதாக ஒரு சத்தம், எலும்பைக் கடிப்பதுபோல. அவர் வலது கையால் டாஷ்போர்டைப் பிடித்திருந்தார். இடது கை மடியில் கிடந்தது. நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. ஏறிவிட்டது.

அவரை இயந்திரத்தில் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தேன். நிறுத்துமிடத்தில் எல்லாரும் பார்க்க முட்டி போட்டுக் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். முன் கியர் கசிந்துகொண்டிருந்தது. அச்சு நுழைகிற இடத்தில் ரப்பர் தேய்ந்திருக்கும். கையை நீட்டித் தொட்டேன். தே தாரிக். ஒரே ஒரு தடவை தண்ணீரில் இறங்கியதற்கு. மேலே குழாய் மாட்டினேனே என்றால், பக்கத்தில் வழி வைத்திருக்கிறது.

கதவைத் திறந்தேன். முன் கியர் வரிசையில் எட்டுப் பொய். ஒன்பதாவதாக ஞாயிற்றுக்கிழமைத் தேதியும் கிலோமீட்டரும் எழுதினேன். என் எழுத்து கோணல். அதுதான் அந்த வரிசையில் உண்மை.

பதினொன்றரைக்கு அவர் வெளியே வந்தார். இயந்திரத்திலிருந்து வரும்போது முகம் வெளுத்து, நனைந்த காகிதம்போல இருப்பார். கதவில் எழுதியிருந்ததைப் பார்த்தார். சுற்றி வந்து ஏறினார்.

"கீழ பாத்தியா?"

"பாத்தேன்."

"எண்ணெய் எப்டி இருக்கு?"

"சுத்தமா இருக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நான்கு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விட்ட மனிதரிடம் வேறு என்ன சொல்வது? அவர் தலையைத் திருப்பி என் கையைப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பால் நிறத்தில் எண்ணெய் பூசியிருந்தது.

"ஒனக்குப் பொய் சொல்ல வரல" என்றார். "மொதல்ல கையத் தொடைக்கணும்."

"ஆமா. உங்ககிட்ட டியூஷன் வரேன்" என்றேன்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியை எடுத்தேன்.

அந்த முன் கியர் இன்னும் ஆறு தடவை பாலத்தைத் தாண்டியது. ஏழாவது தடவை மேட்டில் வெடித்த மாதிரி ஒரு சத்தம், அதோடு முடிந்தது. மழை விடுகிற வரை இரண்டு வாரம் வீட்டிலிருந்து பாலம் வரை வண்டியில் வந்து, அங்கிருந்து அவருக்குக் கயிறு கட்டி, தண்ணீரில் நடத்தி, அந்தப் பக்கம் டாக்சி வைத்துக் கூட்டிப் போனேன். காலில் பிளாஸ்டிக் பை கட்டினேன். கட்டியும் நனைந்தது. புண் வந்தது. இன்னொரு விரலை எடுத்தார்கள். கணுக்கால் வரை எடுக்க வேண்டி வரலாம் என்கிறார்கள்.

வண்டி இப்போது பின் சக்கரத்தில் மட்டும் ஓடுகிறது. வெயில் காலத்துக்கு அது போதும். அடுத்த மழைக்கு என்ன செய்வது என்று அவரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

காலையில் நான் எதையும் எழுதியாச்சா என்று கேட்பதில்லை. அவர் விரலைப் பிடித்து நானே குத்துகிறேன். வருகிற எண்ணை நானே எழுதுகிறேன், கோணல் எழுத்தில். ஒன்றுகூட நல்ல எண்ணாக இல்லை.